வந்து இறங்கியவர்களுக்கு

காலை பத்தேகால், ஆறு பெட்டிகள், டொரோத்தி பென்ரோஸ். ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் யாரோ தடித்த கறுப்பு மையில் பெயரை எழுதி, அதன் கீழே ‘நூலகத்துக்கு, அன்புடன்’ என்று சேர்த்திருந்தார்கள். டொரோத்தி எழுதியிருக்க முடியாது. பேனா எதற்கு என்பதே அவளுக்கு இப்போது தெரியாது. வீட்டை விற்றாகிவிட்டது, அவளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள முதியோர் இல்லத்தில் சேர்த்தாகிவிட்டது, புத்தகங்கள் இங்கே வந்துவிட்டன. துலூஸ் நகரத்து ஆங்கிலேயர்கள் செத்தாலும் ஊருக்குத் திரும்பினாலும் புத்தி பிசகினாலும் அவர்களுடைய புத்தகங்கள் கடைசியில் இந்த அறைக்குத்தான் வந்து சேரும். டயர் கடைக்கு மேலே மாடியில் ஓர் அறை, வியாழக்கிழமை காலையில் மட்டும் திறப்பார்கள், பெயர் ஆங்கில நூலகம். கீழே புது டயர், மேலே பழைய காகிதம், இரண்டு நாற்றமும் மாடிப்படியில் சந்தித்துக்கொள்ளும். வேதவல்லி கையுறை மாட்டிக்கொண்டு முதல் பெட்டியின் ஒட்டுநாடாவைக் கிழித்தாள். பன்னிரண்டு மணிக்கு மகன் காரோடு வருவான். வந்தால் நேரே அதே முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டும். அவள் கையெழுத்துப் போட்டால் அவளுடைய கணவர் சபாநாயகம் திங்கட்கிழமையிலிருந்து அங்கே இருப்பார். போடாவிட்டால் அந்த அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அடுத்த அறை எப்போது காலியாகும் என்று கேட்டதற்கு இல்லத்துத் தலைவி கைகளை விரித்து, அது எங்கள் கையில் இல்லை மதாம், என்றாள். அறை எப்படிக் காலியாகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும், அதனால் இரண்டு பேரும் சன்னலைப் பார்த்தார்கள். சன்னலுக்கு வெளியே ஒருவன் இலை ஊதும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு காய்ந்த இலைகளை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் துரத்திக்கொண்டிருந்தான்.

கறை இருந்தால் குப்பைக்குப் போகும் மஞ்சள் சாக்கு, பூஞ்சணம் இருந்தால் மஞ்சள் சாக்கு, ஏற்கெனவே அலமாரியில் இரண்டு பிரதி இருந்தால் மஞ்சள் சாக்கு. சட்டம் போட்டவளே டொரோத்திதான். அந்தச் சட்டப்படி பார்த்தால் டொரோத்தியின் பெட்டிகளை அப்படியே சாக்கில் கவிழ்க்க வேண்டியதுதான். முதல் பெட்டி முழுக்கப் பிரான்சில் குடியேறிய கதைகள். யாரோ ஓர் ஆங்கிலேயன், யாரோ ஓர் ஆங்கிலேயன் மனைவி, லண்டன் மழையில் ஒருநாள் மனம் வெறுத்துப்போய்த் தெற்குப் பிரான்சில் இடிந்த பண்ணைவீடு ஒன்றை வாங்குவார்கள். கூரை ஒழுகும். குழாய் ரிப்பேர்க்காரன் வருகிறேன் என்று சொல்லி வரமாட்டான். பக்கத்து வீட்டுக் குடியானவன் முதலில் முறைப்பான், பிறகு ஒரு கூடை தக்காளி கொண்டுவந்து வைப்பான். கடைசி அத்தியாயத்தில் நீண்ட மேசை, பிளாட்டான் மர நிழல், எல்லோரும் ஒயின் குடிப்பார்கள், கூரை ஒழுகாது. இருபத்தைந்து வருஷமாக இதே தக்காளிக் கூடை. முதலில் படித்தபோது அவளுக்கும் பிடித்திருந்தது, அதை நினைத்தால் இப்போது எச்சில் கசக்கிறது. அட்டைகளில் எல்லாம் நீலச் சன்னல் கதவு, கதவோரம் லாவண்டர் செடி. உள்ளே பாலாடைக்கட்டி எண்ணெய் ஊறிய விரல் ரேகை, ஒயின் டம்ளரின் வட்டம், நசுங்கிய ஈ ஒன்று, பக்கம் நூற்றுப்பத்தில் சுருண்ட வெள்ளை முடி, அதற்கும் கொஞ்சம் தள்ளி, காய்ந்துபோன, என்னவென்று யோசிக்கவே வேண்டாத ஒன்று. மனிதர்கள் தனியாகப் படிக்கும்போது மூக்கை விரலால் என்ன செய்கிறார்கள் என்பது நூலகத்தில் வேலை செய்பவர்களுக்குத்தான் தெரியும். ஓரங்களில் டொரோத்தியின் பென்சில். எவ்வளவு உண்மை! ஆஹா, எங்கள் பியேரும் இப்படித்தான்! பியேர் என்பவன் டொரோத்தியின் தோட்டக்காரன். அவன் பெயர் பியேர் இல்லை, இஸ்மாயில். பியேர் என்று கூப்பிட்டால் அவனுக்குப் பிடிக்கும் என்று டொரோத்தி சொல்வாள்.

கையுறையைக் கழற்றி விரலை முகர்ந்து பார்த்தாள். பூஞ்சணமா, காலையில் கழுவியதா. மூன்று தடவை சோப்புப் போட்டும் நகக்கண்ணில் ஒரு வாடை நிற்கிறது, அல்லது நிற்பதாக மூக்கு நினைத்துக்கொள்கிறது. விடிவதற்குள் எழுந்து சபாநாயகம் தானாகவே குளியலறைக்குப் போயிருக்கிறார், போய்ச் சேரவில்லை. நடைவழிச் சுவரில் கையால் துடைத்திருக்கிறார். சுத்தமான மனிதர், சட்டைக் காலரில் ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் மாற்றிக்கொண்டு போனவர். அவள் வாளியோடு வந்தபோது சுவரைப் பார்த்தபடி நின்று, யாரு பண்ணினது இது, என்று அதட்டினார். நாய்தான், என்றாள். நாய் ஏது நம்ம வீட்டில, என்றார். அதுவும் சரிதான். குளிப்பாட்டி உட்கார வைத்ததும், குளிருது வேதா, குளிருது, என்று முழங்காலைக் கட்டிக்கொண்டார். இந்த ஊருக்கு வந்து இறங்கிய முதல் மாசி மாதத்திலிருந்து அவர் சொல்வது அது ஒன்றுதான். இரண்டு சாக்ஸ், மேலே கம்பளிச் சால்வை, சன்னலைச் சாத்தி, அதற்கு மேல் கதவிடுக்கில் துண்டையும் சுருட்டி வைத்தால்தான் அடங்குவார். விமான இறக்கையின் உலோகத்தில் விரிசல் எப்படித் தொடங்குகிறது என்பது அவர் படிப்பு. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தொடங்கும், ரொம்ப நாள் ஒன்றும் ஆகாது, அப்புறம் ஒரே மூச்சில் போகும் என்று சாப்பிடும்போது கரண்டியை வளைத்துக் காட்டுவார். நினைவு தப்பத் தொடங்கியதும் முதலில் பிரெஞ்சு போயிற்று. ரொட்டிக் கடையில் நின்றுகொண்டு, அது பெயர் என்ன, நீளமா இருக்குமே, என்று அவளிடம் திரும்பினார். மறு வருஷம் ஆங்கிலம் ஓட்டை விழுந்தது. கால்வாய்க் கரையில் போலீஸ்காரர்கள் பிடித்துக் கொண்டுவந்து விட்டபோது அவர்களிடம் தமிழில்தான் கும்பகோணம் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் காகிதத்தில் ஒரு வெங்காயம் வரைந்தார். மேல் தோல் முதலில் உரியும் மதாம், என்றார். இரண்டாவது டாக்டரும் வெங்காயம்தான் வரைந்தார். வீட்டில் பகலில் பார்த்துக்கொள்ள வரும் அல்ஜீரியப் பெண் நதீராவை அவர் அக்கா என்று கூப்பிடுகிறார். அவள் சிரித்துக்கொண்டே பிரெஞ்சில் ஆமாம் ஆமாம் என்கிறாள். அவர் எதைக் கேட்டாலும் அவளுக்கு ஆமாம்தான். நேற்று மத்தியானம் அவர் பசிக்குது பசிக்குது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார், அவளும் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். வேதவல்லி கடையிலிருந்து திரும்பியபோது மேசைமேல் அழகுக்கு இருந்த மெழுகு ஆப்பிளில் பல் பதிந்திருந்தது.

இரண்டாவது பெட்டி சமையல். மூன்றாவது பெட்டியைத் திறக்கும்போது நூலகச் சங்கத்தின் செயலாளர் ஜில் கார்ட்ரைட் இரண்டு கோப்பைக் காப்பியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுபது வயதில் குதிரைவால் முடி. இங்கே எல்லோரையும் டார்லிங் என்பாள், பெயர் மறந்துவிட்டால் இரண்டு தடவை என்பாள். “வேதா டார்லிங், முகம் ஏன் இப்படி இருக்கிறது, வெயில் அடிக்கிறதே!” என்றாள். நவம்பர் வெயில், தொட்டால் ஈரமாக இருக்கும் வெயில். “ஒரு விஷயம் கேட்க வேண்டும். நம் கையேட்டைப் புதுசாகப் போடுகிறோம். புதிதாக வருபவர்களுக்கு அனுபவஸ்தர்கள் ஆளுக்கு ஒரு யோசனை. நீயும் ஒன்று தர வேண்டும். நீ எங்கள் வெற்றிக் கதை இல்லையா! உன் மகன் பிரெஞ்சுக்காரனைவிடப் பிரெஞ்சுக்காரன்.” பார்க்கலாம், என்றாள் வேதவல்லி. “ஐந்து வரி போதும். சந்தோஷமாக இருக்கட்டும்.” காப்பி கழுநீர் மாதிரி இருந்தது. குடித்தாள். இங்கே கொடுப்பதைக் குடிக்காமல் வைத்தால் என்ன நினைப்பார்கள் என்பதும் கையேட்டில் உண்டு. “டொரோத்தியைப் போய்ப் பார்த்தேன்,” என்று ஜில் குரலைத் தாழ்த்தினாள், செத்தவர்களைப் பற்றிப் பேசும் குரல். “நாற்பத்தைந்து வருஷம் இந்த நாட்டில். ஒரு வார்த்தை பிரெஞ்சு மிச்சமில்லை. எல்லாம் துடைத்தாற்போல். நல்லவேளை, அங்கே ஒரு செவிலிக்கு ஆங்கிலம் தெரியும். டொரோத்தி டீ கேட்கிறாள், அவள் கொடுக்கிறாள். ரொம்ப நிம்மதியாக இருக்கிறாள், பாவம்.” சபாநாயகத்தையும் அங்கேதான் சேர்க்கப் போகிறார்கள் என்பது ஜில்லுக்குத் தெரியாது. சொன்னால் கட்டிப்பிடிப்பாள். கன்னத்தில் கன்னம் வைப்பாள், அவள் கன்னத்துப் பவுடர் ஒட்டும். சொல்லவில்லை. சபாவுக்கு யார் டீ கொடுப்பார்கள். டீ என்றால் டீதான், அது எல்லா ஊரிலும் புரியும். அதற்கு மேல் ஒன்று கேட்டால். போன வாரம் இல்லத்துத் தலைவி படம் போட்ட அட்டைகளை எடுத்து மேசைமேல் சீட்டு மாதிரி பரப்பினாள். கோப்பை, கரண்டி, கழிப்பறை, கட்டில், அழுகிற முகம். எங்களிடம் போர்ச்சுகல்காரர் இருந்தார், ஆர்மீனியாக்காரர் இருந்தார், அவர்களுக்கெல்லாம் இதில்தான் மதாம், பழகிவிடும், என்றாள். கெட்டவள் இல்லை. அட்டைகள் லேமினேட் செய்யப்பட்டிருந்தன, ஓரத்தில் பல் பதிந்திருந்தது.

நாலாவது பெட்டியில் அது இருந்தது. இருக்கும் என்று தெரியும், டொரோத்தி செய்த கையேடுதானே. மஞ்சள் அட்டை, நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் ஊசி, வந்து இறங்கியவர்களுக்கு என்று ஆங்கிலத்தில் தலைப்பு. டொரோத்தி பென்ரோஸ் தொகுத்தது. ஒரு கட்டே இருந்தது, எலி ஓரத்தைத் தின்றிருந்தது. பழைய பதிப்பு, அவளும் சபாவும் மூன்று வயது நடேசனைத் தூக்கிக்கொண்டு இந்த மாடிப்படி ஏறி வந்தபோது டொரோத்தி கையில் கொடுத்த அதே பதிப்பு. அப்போது தஞ்சாவூர்க் கல்லூரியில் படித்த ஆங்கிலத்தைத் தவிர வேதவல்லியிடம் ஒன்றும் இல்லை, சபாவிடம் கூடுதலாக ஒரு முனைவர் பட்டம். கையேட்டின்படி, கடைக்குள் நுழைந்ததும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும். சாப்பிடும்போது இரண்டு கையும் மேசைமேல் தெரிய வேண்டும். சாலட் இலையைக் கத்தியால் வெட்டக் கூடாது. அப்புறம் பக்கம் ஒன்பது, கட்டம் கட்டி: உங்கள் தாய்மொழியைக் குடையோடு வாசலில் நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வாருங்கள், முதல் ஆண்டு முழுவதும் குழந்தை கேட்பதைப் பிரெஞ்சில் கேட்டால் மட்டும் கொடுங்கள். படித்துவிட்டு அன்றிரவே இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினார்கள். பரீட்சைக்குக் கைடு வாங்கி, வரிக்கு வரி மனப்பாடம் செய்து, மாநிலத்தில் ராங்க் வாங்கிய ஆட்கள். அச்சில் வந்தது என்றால் அது கேள்வித்தாளில் வரும். சபா சிவப்பு மையால் பக்கம் ஒன்பதில் கோடு போட்டார். மறுநாள் காலையில் நடேசன் கட்டிலிலிருந்து இறங்கி வந்து, அம்மா பசிக்குது, என்றான். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. அம்மா பசிக்குது. சபா செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அம்மா. புடவையைப் பிடித்து இழுத்தான், அவள் பிடித்த பாத்திரத்தையே தேய்த்தாள், பாத்திரம் பளபளவென்று ஆகிவிட்டது, அதில் அவன் முகம் கோணலாகத் தெரிந்தது, கீழுதடு வெளியே வந்திருந்தது. செவிடாகிவிட்டார்களா என்று அவனுக்குத் தோன்றியிருக்கும். அல்லது தனக்குத்தான் குரல் போய்விட்டது என்று. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, பிள்ளைகள் காப்பகத்தில் பிடித்துக்கொண்ட ஒரு சொல்லால் பசி என்றான், பிரெஞ்சில். இரண்டு பேரும் கை தட்டினார்கள். சபா அவனைத் தூக்கித் தலைக்கு மேலே சுற்றினார். வாழைப்பழம் கொடுத்தார்கள். சர்க்கஸில் கடல்நாய் பந்தை மூக்கில் நிறுத்தினால் மீன் கொடுப்பார்களே, அப்படி. ஒரு வருஷம் என்று போட்டிருந்தது, அவர்கள் நிறுத்தவே இல்லை, நல்ல மாணவர்கள். பள்ளிக்கூடத்தில் நத்தேஸ் என்று கூப்பிட்டார்கள், பிறகு நதான் என்று அவனே மாற்றிக்கொண்டான். நடேசன் என்பது சபாவின் அப்பா பெயர். அதற்கும் கை தட்டினார்களா? இல்லை. அப்போது ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கட்டிலிருந்து ஒரு தூசி மூக்கில் ஏறித் தும்மினாள். கடவுள் ஆசீர்வதிக்கட்டும் என்று ஜில் அறையின் அந்த மூலையிலிருந்து கத்தினாள். டொரோத்தியின் வீட்டுக்குச் சாப்பிடப் போனது இந்த ஊருக்கு வந்த மறு வருஷம். பண்ணைவீடு, நீலச் சன்னல், லாவண்டர், எல்லாம் அட்டைப்படத்தில் போலவே. ஆட்டுக் கல்லீரலை அரைத்து ரொட்டியில் தடவிக் கொடுத்தாள், சைவம் என்று சொன்னதற்கு, இது ரொம்பக் கொஞ்சம்தான் டார்லிங், என்றாள். அவர்கள் விழுங்கினார்கள். இரண்டு கையையும் மேசைமேல் வைத்திருந்தார்கள். டொரோத்தியும் அவள் கணவனும் இரண்டு மகள்களும் ஆங்கிலத்தில் சண்டை போட்டார்கள், ஆங்கிலத்தில் உப்புக் கேட்டார்கள், நாயைக்கூட ஆங்கிலத்தில்தான் திட்டினார்கள். வேதவல்லி தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டாள், வீட்டில் நீங்கள் பிரெஞ்சு பேசுவதில்லையா. டொரோத்தி வாயில் இருந்ததை மென்று முடித்து, மகள்களைப் பார்த்து, பிறகு சிரித்தாள். “கடவுளே! வீட்டில் எதற்கு? வீட்டில் மனிதன் ஓய்வெடுக்க வேண்டாமா?” எல்லோரும் சிரித்தார்கள். சபாவும் சிரித்தார், அவர் சிரிப்பு எல்லோருடையதையும்விடக் கொஞ்சம் தாமதமாக வந்தது. காரில் திரும்பும்போது, அவங்களுக்கு அது வேற, நமக்கு இது வேற, என்றார். பின் சீட்டில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். அந்தக் கையேட்டை யாரும் கடைப்பிடிக்கவே இல்லை, ஜில் இல்லை, டொரோத்தி இல்லை, யாரும். அவர்கள் அதைக் கழிப்பறையில் வைத்துப் படித்துச் சிரித்தார்கள். மனப்பாடம் செய்தவர்கள் மாநகராட்சி எல்லைக்குள் இரண்டே பேர்தான். குற்றம் டொரோத்திமேல் என்றும் சொல்ல முடியவில்லை. அவள் குடையை வாசலில் நிறுத்து என்றாள். மழை பெய்யும்போது எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தெரியாதவர்களுக்கு யார் என்ன எழுதி வைக்க முடியும்.

மாடிப்படியில் குழந்தை வண்டி ஏறும் சத்தம், டக் டக் என்று. இருபத்தெட்டு வயதுப் பெண், பஞ்சு அடைத்துப் புடைத்த குளிர்ச்சட்டை, நெற்றியில் ஒட்டுப்பொட்டு. வேதவல்லியைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டாள். “ஆன்ட்டி, நீங்க தமிழுங்களா? ஐயோ, இப்பத்தான் உசுரே வந்துச்சுங்க. வந்து மூணு மாசமாச்சு, மளிகைக்கடைக்காரன் கூடச் சைகையிலதான் பேசிட்டிருக்கேன். பவதாரிணிங்க, கோயமுத்தூரு. எங்க வீட்டுக்காரரு விமானக் கம்பெனியில சாஃப்ட்வேர்.” குழந்தையின் முதுகைத் தட்டினாள். “ரியான்ஷ், ஸே போன்ழூர்! ஆன்ட்டிக்கு போன்ழூர் சொல்லு பேபி.” இரண்டரை வயது இருக்கும். வேதவல்லி குனிந்து, வாடா குட்டி, என்றாள். அவன் அம்மாவைத்தான் பார்த்தான். “தமிழ் அவனுக்குக் கம்மிதானுங்க. வீட்ல ஃப்ரெஞ்சும் இங்கிலீசும் மட்டுந்தான் வெச்சிருக்கோம். யூடியூப்ல ஒரு அக்கா சொல்றாங்க, மூணு வயசுக்குள்ள காதுல போட்டுடணுமாம், இல்லாட்டி ஸ்கூல்ல ஓரமா உக்கார வெச்சிருவாங்களாம். தமிழ் எங்கீங்க போயிடப் போகுது, அது பாட்டுக்குக் கெடக்கும்.” பையன் அவள் கைப்பையை இழுத்தான். “தண்ணி.” “நோ நோ, எப்படிக் கேக்கணும்? த லோ. சொல்லு, த லோ.” “தண்ணி.” “த லோ, பேபி.” உதடு பிதுங்கியது. கண்ணில் நீர் முட்டியது. “லோ,” என்றான். அவள் கை தட்டினாள். கோவைக்கே உரிய கலகலப்போடு, மனப்பூர்வமாக, கை தட்டினாள். வேதவல்லி நிமிர்ந்தாள். “அவன் கேட்டதக் குடு,” என்றாள். “என்னங்க ஆன்ட்டி?” “முதல் தடவையே தண்ணின்னு கேட்டான். காதுல விழலியா? குடு.” குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. ஜில் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பவதாரிணி ஒரு கணம் முழித்துவிட்டுச் சிரித்தாள். “எங்க மாமியாரேதான் நீங்க. அதே சவுண்டு.” பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். அப்புறம், வந்தவங்களுக்கு ஏதோ கையேடு குடுப்பாங்கன்னாங்களே, மஞ்சள் கலர்ல, இருக்குங்களா, என்றாள். கட்டு வேதவல்லியின் மடியில்தான் இருந்தது. தீர்ந்துபோச்சு, என்றாள். சொல்லிவிட்டு அந்தப் பெண்ணின் கண்ணெதிரிலேயே கட்டைத் தூக்கி மஞ்சள் சாக்கில் போட்டாள். “எலி தின்னது. இந்தா, இத எடுத்துட்டுப் போ, சிரிப்பா இருக்கும்.” தக்காளிக் கூடைப் புத்தகம் ஒன்று. பெண் வாங்கிக்கொண்டு, நம்பர் குடுங்க ஆன்ட்டி, ஒருநாள் வீட்டுக்கு வாங்க, என்று எழுதிக்கொண்டு போனாள். சாக்கில் போட்டு என்ன ஆயிற்று. யூடியூப் அக்காவை எந்தச் சாக்கில் போடுவது. படியில் அவள் இறங்கும்போதும் வண்டி டக் டக் என்று சொல்லிக்கொண்டே போனது, கூடவே அவள் குரல், ஒன்று இரண்டு மூன்று என்று பிரெஞ்சில் படியை எண்ணிக்கொண்டு.

ஐந்தாவது பெட்டியைத் திறக்கவில்லை. ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு யோசனை, அது தினமும் இந்த நேரத்துக்கு வரும், பஸ் மாதிரி. சபாவின் தம்பி குரோம்பேட்டையில் இருக்கிறார். போனில், அதுக்கென்ன மன்னி, தாராளமா வாங்க, பாத்துக்கலாம், என்றார். பாத்துக்கலாம் என்று அவர் சொன்ன விதத்தை அவள் முப்பது தடவை காதில் திருப்பிப் போட்டுக் கேட்டிருக்கிறாள். பின்னணியில் அவர் மனைவி குழாயைத் திருகிச் சத்தமாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டுதானே இருக்கிறோம். போன மாதம் மாடிப்படியில் அவளைத் தள்ளினார். யார் என்று தெரியாத ஒருத்தி தன் கையைப் பிடித்து இழுத்தால் யாரும் தள்ளத்தான் செய்வார்கள். இடுப்பில் அடிபட்ட இடம் இன்னும் பச்சையாகக் கன்றியிருக்கிறது. இதெல்லாம் காரணம், இதையெல்லாம் எழுதி அடுக்கினால் தராசு சாயும், நதான் அப்படித்தான் அடுக்கிக் காட்டினான். ஆனால் நகக்கண்ணை மறுபடி முகர்ந்தபோது அவளுக்குத் தெரிந்தது வேறு. கையெழுத்துப் போட வேண்டும் என்று கை ஆசைப்படுகிறது. ஒரு இரவு முழுதாகத் தூங்க வேண்டும். சுவரில் கை வைத்தால் சுவர் மட்டும் இருக்க வேண்டும். அந்த வாடை இல்லாத வீட்டில் ஒரு டம்ளர் காப்பியைச் சூடு ஆறுவதற்குள் குடிக்க வேண்டும். இவ்வளவுதான் ஆசை. அவர் பேசுவது இந்த ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் புரியும், அது தெரிந்தே கை ஆசைப்படுகிறது. மற்ற எல்லாவற்றையும்விட, டொரோத்தியையும் ஜில்லையும் கல்லீரல் தடவிய ரொட்டியையும்விட, அருவருப்பாக இருந்தது இந்தக் கைதான். மடியில் கிடந்தது, கையுறை இல்லாமல், ஒரு பெரிய வெளிறிய பூச்சி மாதிரி.

பன்னிரண்டுக்குக் கீழே ஹாரன். நதான் டயர் கடை வாசலில் காரை நிறுத்தி, அவசர விளக்கைப் போட்டுவிட்டு, உள்ளே உட்கார்ந்தபடியே கதவைத் திறந்துவிட்டான். முப்பது வயதில் அப்பாவின் நெற்றி, அப்பாவின் விரல்கள், பேசினால் மட்டும் வேறு ஆள். “மமோன், சீக்கிரம். பன்னிரண்டரைக்கு அலுவலகத்தை மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள்,” என்றான் பிரெஞ்சில், அம்மா என்பதும் பிரெஞ்சில்தான். அவளும் பிரெஞ்சில்தான் பதில் சொன்னாள், வேறு எதில் சொல்வது. கார் பாலத்தில் ஏறியது. ஆறு மழைத் தண்ணீரோடு செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. சிக்னலில் நின்றபோது கேட்டாள். “அப்பா பேசுவதில் உனக்கு ஏதாவது புரியுமா?” “கொஞ்சம் கொஞ்சம். இல்லை, புரியாது. முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்வேன். செவிலிகளும் அப்படித்தானே செய்யப்போகிறார்கள்.” பசிக்குது என்றால் தெரியுமா, என்றாள். அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில் சொன்னாள். அவன் கண்ணாடியில் பின்னால் வரும் லாரியைப் பார்த்துக்கொண்டே சிரித்தான், கோபமெல்லாம் இல்லை, ஒரு பழைய வேடிக்கை ஞாபகம் வந்த மாதிரி. “அது தெரியும். அதைச் சொன்னால் நீங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள்.” விளக்கு பச்சையாயிற்று. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். “நீ சாப்பிட்டாயா மமோன்? டாஷ்போர்டில் வாழைப்பழம் இருக்கிறது.” இருந்தது. ஒன்று, கறுப்புப் புள்ளி விழுந்து, காருக்குள் எல்லாம் அதன் வாசனை. வேண்டாம், என்றாள். சன்னல் கண்ணாடியை இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். இல்லத்துத் தலைவி கோட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றாள், ஆனாலும் சிரித்தபடி உட்கார்ந்தாள். பக்கத்து அறையிலிருந்து டொரோத்தியின் குரல், தெளிவான நல்ல ஆங்கிலத்தில், யாராவது எனக்கு ஒரு கோப்பை டீ தருவீர்களா, என்றது. வருகிறேன் என் கண்ணே, என்று ஆங்கிலத்தில் யாரோ பதில் சொன்னார்கள். வேதவல்லி பேனாவை வாங்கி, காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் கை ஒழுங்காகவே எழுதியது.

2020 பிப்ரவரி 6, வியாழக்கிழமை காலை பதினொரு மணியளவில் சபாநாயகம் அந்த இல்லத்தில் இறந்தார். வேதவல்லி நூலகத்தில் இருந்தாள். அறையில் மகன் இருந்தான். கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். குலிருது என்றோ என்னவோ இரண்டு தடவை சொன்னார், அறை புழுக்கமாக இருக்கிறது போல என்று சன்னலை முழுசாகத் திறந்துவிட்டேன், பிறகு பேசவில்லை, என்றான் நதான்.